‘ரைடு ஆன் டைம்’ (1989): குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது

ஒலிநாடா:

1989-இல் பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிள் (ஒற்றைப் பாட்டுத் தட்டு) எது என்று கேட்டால் நம்மில் பலர் மடோனா, கைலி மினோக் என்று ஆரம்பிப்போம். இரண்டும் இல்லை. இத்தாலியில் ரெஜ்ஜியோ எமிலியாவைச் சேர்ந்த ஒரு தயாரிப்புக் குழு செய்த ‘ரைடு ஆன் டைம்’. தட்டில் அச்சான பெயர் பிளாக் பாக்ஸ். செப்டம்பரில் முதலிடத்துக்கு ஏறியது, ஆறு வாரம் இறங்கவில்லை. அதற்கு முன்னால் முதலிடத்தில் இருந்தது ஜைவ் பன்னி. இதை இறக்கியதும் ஜைவ் பன்னியின் அடுத்த பாட்டுதான். பழைய ராக் அண்ட் ரோல் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு கார்ட்டூன் முயலின் பெயரில் விற்ற சரக்கு இரண்டு பக்கமும், நடுவில் இது. அந்த வருட ரசனையைப் பற்றி அவரவர் ஒரு முடிவுக்கு வந்துகொள்ளலாம்.

செய்தவர்கள் மூன்று பேர். டேனியலே டவோலி, கிளப் டிஜே. மிர்கோ லிமோனி, கீபோர்டும் கணினியும். வலேரியோ செம்ப்ளிச்சி, முறையாக மேற்கத்திய சாஸ்திரிய இசை படித்த கிளாரினெட் ஆசிரியர். தங்கள் கூட்டணிக்கு க்ரூவ் க்ரூவ் மெலடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதே வருடம் ஸ்டார்லைட் என்ற பெயரில் ‘நூமெரோ ஊனோ’, மிக்ஸ்மாஸ்டர் என்ற பெயரில் ‘கிராண்ட் பியானோ’ என்று இன்னும் இரண்டு பாட்டுகளை பிரிட்டன் பட்டியலில் ஏற்றினார்கள். எல்லாம் அதே ஆட்கள்தான்.

பாட்டில் கேட்கும் குரல் சிகாகோவைச் சேர்ந்த லோலியாட்டா ஹாலோவே 1980-இல் பாடிய ‘லவ் சென்சேஷன்’ இசைத்தட்டிலிருந்து வெட்டி எடுத்தது. டிவியில் வாயசைத்தவர் கேத்ரின் கினோல் என்ற பிரெஞ்சு மாடல். ஹாலோவே பெயர் எங்கும் இல்லை.

பாட்டு எனக்கு இன்றும் பிடிக்கிறது. ஆனால் கேட்கும்போது எதைப் பாராட்டுகிறேன் என்று குழப்பம் வந்துவிடுகிறது. அந்தத் தொண்டையையா, வெட்டி ஒட்டிய கையையா? நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்?

பியானோபித்தன்:

கையைத்தான். தயங்காமல் சொல்வேன்.

‘லவ் சென்சேஷன்’ அருமையான பாட்டு, மறுக்கவில்லை. டான் ஹார்ட்மன் எழுதித் தயாரித்தது, டாம் மோல்டன் மிக்ஸ் செய்தது, 1980-இல் பில்போர்டு நடனப் பட்டியலில் முதலிடம். ஆனால் அது முழு டிஸ்கோ. வயலின், டிரம்பெட், படிப்படியாக ஏறும் சரணம், எல்லாம் உண்டு. ஹாலோவே சூடேறி உச்சத்துக்கு வர நேரம் எடுத்துக்கொள்வார். இத்தாலிக்காரர்கள் என்ன செய்தார்கள்? சரணத்தைத் தூக்கி எறிந்தார்கள். காதலன், காதல், கதை எதுவும் வேண்டாம். உச்சத்தில் அவர் கத்தும் இடங்களை மட்டும் பொறுக்கி, வரிசையை மாற்றி அடுக்கினார்கள். கேட்டுப் பாருங்கள், அந்தக் குரலுக்கு மூச்சு வாங்கவே இடம் இல்லை. மனிதர் யாரும் அப்படித் தொடர்ச்சியாகப் பாட முடியாது. அதுதான் அதன் கிக்.

இதில் இயந்திரத்தின் பங்கும் உண்டு. அந்தக் காலத்து சாம்ப்ளரின் (ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப வாசிக்கும் கருவி) நினைவகம் எவ்வளவு என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். 1986-இல் வந்த அகாய் எஸ்900-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 12 பிட். உயர்ந்த தரத்தில் பதிந்தால் 12 நொடிகூடத் தாங்காது. இன்னும் நீளம் வேண்டுமென்றால் தரத்தைக் குறைக்க வேண்டும், ஒலி கரகரக்கும். அதனால் முழு வரியை எடுக்க யாரும் ஆசைப்படவில்லை. ஒரு கூவல், அரை வார்த்தை, ஒரு ‘ஹே’. ஒவ்வொன்றையும் கீபோர்டில் ஒரு கட்டையில் ஏற்றி, விரலால் அடித்து வாசிப்பது. பாட்டு திக்குவது போல வருவது அதனால்தான். பற்றாக்குறையே பாணியாகிவிட்டது.

அப்புறம் அந்தப் பியானோ. ஹவுஸ் எனும் அமெரிக்க மின்னணு நடன இசையிலும் பியானோ உண்டு, ஆனால் இத்தாலியர்கள் அதைச் சுத்தியல் மாதிரி இறக்கினார்கள். 1988-இல் வந்த கார்க் எம்1 கீபோர்டின் பியானோ ஒலி அடுத்த சில வருடங்களுக்கு அந்தப் பாணியின் முத்திரையாகவே ஆனது. நிஜப் பியானோ மாதிரி இருக்காது. கண்ணாடிபோலக் கூர்மையாக, ஸ்பீக்கர் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் துளைத்துக்கொண்டு வரும்.

வானொலிமாமா:

வாயசைக்க ஒரு ஆள், பாட ஒரு ஆள் என்பது 89-இல் புதுசா என்ன? நம் ஊர் கல்யாண மண்டபம் வரை வந்த போனி எம் இருக்கிறதே. மேடையில் துள்ளிய பாபி ஃபாரல் தட்டில் பாடவே இல்லை. ஆண் குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. அதே ஃபாரியன்தான் பிறகு மில்லி வனில்லியை உருவாக்கினார். 1990 பிப்ரவரியில் சிறந்த புதுக் கலைஞர் என்று கிராமி கொடுத்தார்கள், பாடியது அவர்கள் இல்லை என்று தெரிந்ததும் நவம்பரில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

‘பம்ப் அப் த ஜாம்’ ஞாபகம் இருக்கிறதா? அதே 1989, பெல்ஜியம், பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. வீடியோவில் ஆடுவது ஃபெல்லி என்ற மாடல். பாடியது யா கிட் கே. உறையிலும் மாடல்தான். ஐரோப்பா முழுக்க இதே ஃபார்முலா ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

கிழக்குலண்டன்:

நான் எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தவன். அந்த நாட்களில் நம் பெடியன்கள் பலரைப் போல எனக்கும் இரவு வேலை, பெற்றோல் நிலையத்தில். லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலைக்குப் பக்கம்.

89 கோடையில் சனிக்கிழமை இரவு என்றால் கார் கார் ஆகப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். பெற்றோல் அடிக்க அல்ல. பொதுத் தொலைபேசிக்கு வரிசை. ரேவ் எனும் இரவு நடனக் களியாட்டம் எந்த வயலில், எந்தக் கொட்டகையில் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், பொலிஸ் வந்துவிடும். இரவு ஒரு நம்பருக்கு அடித்தால் பதிந்து வைத்த குரல் இடம் சொல்லும். உடனே எல்லா காரும் ஒன்றாகப் பறக்கும். கார்க் கதவு திறந்திருக்க இந்தப் பாட்டுப் போகும். எனக்கு அப்போது ஆங்கிலப் பாட்டில் அவ்வளவு நாட்டம் இல்லை, ஆனாலும் அந்தப் பெண் கத்தும் இடத்தில் தலை நிமிரும்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பிள்ளைகளுக்கு யார் பாடியது என்பது ஒரு கேள்வியே இல்லை. தட்டின் நடுவே ஒட்டும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று டிஜே மட்டும்தான் பார்ப்பார், சிலர் அதையும் கிழித்துவிடுவார்கள், பக்கத்து டிஜே கண்டுபிடிக்கக் கூடாதென்று. பெயர் இல்லாமல் இருப்பதே அந்த இசையின் பெருமை என்று நினைத்த காலம். பாட்டு கிளப்பை விட்டு வியாழக்கிழமை இரவு ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சிக்கு வந்ததும்தான் சிக்கல். டிவிக்கு ஒரு முகம் வேண்டும். முகம் இல்லாத பாட்டுக்கு முகம் வாடகைக்குப் பிடித்தார்கள்.

மல்லிகை:

@பியானோபித்தன், ‘கையைத்தான்’ என்று இவ்வளவு சுலபமாகச் சொல்கிறீர்களே, அந்தத் தொண்டை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பாருங்கள்.

ஹாலோவே சிகாகோ தேவாலயப் பாடகி. அம்மாவின் பாடகர் குழுவில் ஆரம்பித்தவர். அறுபதுகளின் கடைசியில் கேரவன்ஸ் குழுவில் பாடினார். அமெரிக்க காஸ்பல் (தேவாலயப் பாட்டு) உலகில் அது சாதாரண இடம் அல்ல, ஆல்பர்ட்டினா வாக்கரின் குழு. அங்கிருந்து சோல், பிறகு டிஸ்கோ. சால்சோல் இசைத்தட்டு நிறுவனத்தின் கிளையான கோல்ட் மைண்டில் ‘ஹிட் அண்ட் ரன்’ 1977. அதை வால்டர் கிப்பன்ஸ் 12 அங்குல தட்டுக்கு நீட்டி மிக்ஸ் செய்தபோது, பெரிய பகுதியை அவர் சும்மா கத்திக் கொட்டிய இடங்களை வைத்தே கட்டினார். ஆக, ஹாலோவேயின் உச்சத்தை மட்டும் பிரித்து எடுத்தால் நடனத் தளம் பைத்தியமாகும் என்று இத்தாலியர்களுக்கு முன்னாலேயே நியூயார்க்கில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கிப்பன்ஸ் தட்டில் பாடகியின் பெயர் இருந்தது.

‘லவ் சென்சேஷன்’ பதிவு பற்றி ஹாலோவே பிறகு சொன்ன கதை ஒன்று. ஹார்ட்மன் திருப்தி அடையாமல் திரும்பத் திரும்பப் பாட வைத்தாராம். தொண்டை போய்விட்டது. காபியில் விக்ஸ் கலந்து குடித்துவிட்டுப் பாடினாராம். (யாரும் முயற்சி செய்ய வேண்டாம், டப்பாவிலேயே வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று போட்டிருக்கும்.) நீங்கள் 12 நொடி நினைவகத்தில் அடைத்து வாசித்துக் காட்டும் அந்தக் கூவல் அப்படி வந்தது. அதை வெட்டியது திறமை. வெட்டுவதற்கு அங்கே ஏதோ இருந்ததே, அது என்ன?

பியானோபித்தன்:

சரி, தொண்டை பெரிது. ஆனால் ‘லவ் சென்சேஷன்’ குரல் மட்டும் உள்ள பதிவு டிஜேக்கள் கையில் இருந்தது. பலர் கையில் இருந்தது. வேறு யாராலும் ஆறு வாரம் முதலிடம் கொண்டுவர முடியவில்லையே?

சட்டப்படி:

இருவரும் அவரவர் பக்கத்தில் சரிதான், ஆனால் பணம் எங்கே போனது என்று பேசாமல் இந்தப் பாட்டைப் பேச முடியாது.

ஒரு இசைத்தட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் உண்டு. பாட்டை எழுதியதற்கு ஒன்று. பதிவு செய்த ஒலிக்கு இன்னொன்று. முதலாவது டான் ஹார்ட்மனிடம். இரண்டாவது சால்சோல் நிறுவனத்திடம். ஹாலோவே எழுதவும் இல்லை, பதிவு அவர் சொத்தும் இல்லை. அவர் வெறும் பாடியவர். அதாவது, பாட்டைத் திருடினால் சட்டத்தின் கண்ணுக்கு முதலில் தெரியும் பாதிக்கப்பட்டவர்கள் வேறு இரண்டு பேர். எல்லோரும் எதைக் கேட்டுத் தட்டை வாங்கினார்களோ அதைக் கொடுத்தவர் வரிசையில் கடைசி.

அமெரிக்காவில் இன்று வரைகூட சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குத்தான் பணம், பாடியவருக்குக் கிடையாது. பிரிட்டனில் பாடகர்களுக்கு ஒலிபரப்பில் நியாயமான பங்கு என்பது சட்டப்படி உறுதியானது 1996-இல். ‘இது நான் பாடியது, என் பெயரைப் போடு’ என்று கேட்கும் தார்மீக உரிமை அங்கே பாடகர்களுக்கு வந்தது 2006-இல். இரண்டும் இந்தப் பாட்டுக்கு எவ்வளவோ பிந்தியவை. 1989-இல் ஒரு பாடகி ‘என் பெயர் எங்கே’ என்று கேட்டால், காட்டுவதற்கு அவரிடம் ஒரு சட்டப் பிரிவு கிடையாது.

சாம்ப்ளிங்கிலும் அப்படித்தான். 1987-இல் ‘பம்ப் அப் த வால்யூம்’ பிரிட்டனில் முதலிடம் போன நேரத்தில், தங்கள் பாட்டின் ஒரு துளியை எடுத்துவிட்டார்கள் என்று ஸ்டாக் எய்ட்கன் வாட்டர்மன் என்ற தயாரிப்பாளர் மூவர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். அப்போதே எச்சரிக்கை மணி அடித்தாயிற்று. இருந்தும் எல்லோரும் ‘வெளியிடு, ஹிட்டானால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற மாதிரிதான் இருந்தார்கள். அமெரிக்காவில் 1991 டிசம்பரில் ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீதான சாம்ப்ளிங் வழக்கில் நீதிபதி கெவின் டஃபி பைபிளின் ‘களவு செய்யாதிருப்பாயாக’ கட்டளையோடு தீர்ப்பை ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் பெரிய கம்பெனிகள் ஒரு கைத்தட்டலுக்குக்கூட முன் அனுமதி வாங்க ஆரம்பித்தன.

பிளாக் பாக்ஸ் விஷயம் தீர்ப்பு வரை போகவில்லை. சமரசம். ஹாலோவேக்கும் ஒரு தொகை கிடைத்தது, எவ்வளவு என்று வெளியிடவில்லை. அதற்குப் பிறகு வேறு ஒரு பாடகியை வைத்து அதே கூவல்களைத் திரும்பப் பாடிப் பதிந்து விற்றார்கள். புதுப் பதிவுக்கு சால்சோல் ஒலி உரிமை தேவையில்லை பாருங்கள். எழுதிய உரிமை மட்டும் போதும், அது ஹார்ட்மனுக்குப் போயிற்று.

ரயில்பெட்டி:

புரியாமல் கேட்கிறேன், நம் சினிமாவில் எல்லாமே பின்னணிக் குரல்தானே? நடிகை வாயசைக்கிறார், பாடகி பாடுகிறார், யாரும் மோசடி என்று சொல்வதில்லை. வெள்ளைக்காரர்கள் இதற்கு ஏன் இவ்வளவு அலறுகிறார்கள்?

மல்லிகை:

பெயர் போடுகிறோமே, தம்பி. வாயசைப்பது பிரச்சினை இல்லை. யார் பாடியது என்று தட்டிலும் வானொலியிலும் சொல்கிறோம். சொல்லாமல் விட்ட காலமும் இருந்தது. 1949-இல் ‘மஹல்’ இந்திப் படத்தின் ‘ஆயேகா ஆனேவாலா’ இசைத்தட்டு முதலில் வந்தபோது பாடகி என்று அச்சானது காமினி. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். யார் அந்தப் பாடகி என்று வானொலிக்குக் கடிதங்கள் குவிந்த பிறகே லதா மங்கேஷ்கர் பெயர் வெளியே வந்தது. அதற்கு நாற்பது வருடம் கழித்து ஐரோப்பாவில் அதே வேலை.

வானொலிமாமா:

இந்த இழையில் மார்த்தா வாஷ் பெயர் இன்னும் வரவில்லை என்பது ஆச்சரியம். பிளாக் பாக்ஸ் கதையின் இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிட மோசம்.

1990-இல் ‘ட்ரீம்லேண்ட்’ ஆல்பம் வந்தது. இந்தத் தடவை பழைய தட்டிலிருந்து வெட்டவில்லை, நிஜமாகவே ஒரு பாடகியை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் பாட வைத்தார்கள். மார்த்தா வாஷ். ‘இட்ஸ் ரெயினிங் மென்’ பாடிய வெதர் கேர்ள்ஸ் இருவரில் ஒருவர். ‘எவ்ரிபடி எவ்ரிபடி’, ‘ஸ்ட்ரைக் இட் அப்’ எல்லாம் அவர் குரல். இரண்டும் அமெரிக்காவில் எட்டாம் இடம் வரை ஏறின. வீடியோவில் வாயசைப்பது திரும்பவும் கினோல். வாஷ் பெயர் பாடகியாக இல்லை. அதே நேரத்தில் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி ‘கோன்னா மேக் யூ ஸ்வெட்’ பாட்டிலும் அவர் குரலை வைத்து வேறு ஒரு பெண்ணை வாயசைக்க வைத்தார்கள். அது அமெரிக்காவில் முதலிடம்.

காரணம் என்ன தெரியுமா? வாஷ் பருமனானவர். டிவியில் விற்காது என்று முடிவு செய்துவிட்டார்கள். அவரே இதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவர் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். பிளாக் பாக்ஸை அமெரிக்காவில் வெளியிட்ட ஆர்சிஏ சமரசத்துக்கு வந்தது, அதில் அவருக்கே ஒரு ஆல்பம் ஒப்பந்தமும் கிடைத்தது. சி அண்ட் சி தட்டை வெளியிட்ட சோனியுடனான வழக்கு 1994-இல் முடிந்தது. வீடியோ ஒளிபரப்பும்போது குரல் மார்த்தா வாஷ், காட்சியில் தோன்றுபவர் ஸெல்மா டேவிஸ் என்று போடும்படி எம்டிவியிடம் கேட்க வேண்டியதாயிற்று. அவர் போட்ட சண்டைக்குப் பிறகு பாடகர் பெயர் போட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே வந்தது.

சட்டப்படி:

கடைசி வரி மட்டும் இல்லை. இணையத்தில் பல இடங்களில் அப்படி எழுதியிருக்கிறார்கள், ஆனால் அமெரிக்க நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டம் இயற்றவில்லை. வழக்குச் செலவுக்கும் மில்லி வனில்லி அவமானத்துக்கும் பயந்து கம்பெனிகள் வழக்கத்தை மாற்றிக்கொண்டன, அவ்வளவுதான். சட்டத்தால் வந்த மாற்றத்தைவிட வக்கீல் நோட்டீஸால் வந்த மாற்றம் வேகமானது என்பது என் தொழில் அனுபவம்.

வானொலிமாமா:

பார்க்கலாம். எப்படியானாலும் மாறியது.

செவ்வந்தி_கே:

எல்லோரும் ஹாலோவே, வாஷ் என்று பேசுகிறீர்கள். கினோலுக்காக ஒரு வார்த்தை சொல்லலாமா?

பத்திரிகைகளும் ரசிகர்களும் அந்தப் பெண்ணைத்தான் ‘போலி’ என்றார்கள். டிவியில் வாய் சரியாக ஒத்துப்போகவில்லை என்று சிரித்தார்கள். எப்படி ஒத்துப்போகும்? பியானோபித்தன் சொன்னாரே, அந்தப் பாட்டில் மூச்சு விடவே இடம் இல்லை, அரை வார்த்தை அரை வார்த்தையாக வெட்டியிருக்கிறது. ஹாலோவேயே வந்து நின்றாலும் அதற்கு வாயசைக்க முடியாது. அவர் மாடல். கூப்பிட்டார்கள், வந்து நின்றார். தட்டை உருவாக்கிய மூன்று ஆண்கள் டிவியில் பெரிதாக முகம் காட்டவும் இல்லை, கேலிக்கு ஆளாகவும் இல்லை. ஒரு பெண்ணின் குரலை எடுத்து இன்னொரு பெண்ணின் உடம்பில் பொருத்தினார்கள், பிறகு ஊர் அந்த இரண்டு பெண்களில் யார் நிஜம் என்று சண்டை போட்டது. இந்த இழையும் கொஞ்சம் அப்படித்தான் போகிறது.

கிழக்குலண்டன்:

செவ்வந்தி சொல்வது முழு உண்மை. அந்த வருடம் வேலையிடத்தில் என்னோடு நின்ற வெள்ளைக்காரப் பெடியனும் ‘அவளுக்குப் பாடத் தெரியாது’ என்றுதான் சிரித்தான். யார் செய்த தட்டு என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது.

ஒலிநாடா:

@சட்டப்படி, திரும்பப் பாடிய அந்தப் ‘வேறு ஒரு பாடகி’ யார் என்று நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஹெதர் ஸ்மால். அப்போது அவரை வெளியே யாருக்கும் தெரியாது. சில வருடங்களில் எம் பீப்பிள் குழுவின் பாடகியாக பிரிட்டன் முழுக்கத் தெரிந்த குரல். ‘மூவிங் ஆன் அப்’ பாட்டு, பிரிட்டனின் மெர்க்குரி இசை விருது, எல்லாம். எம் பீப்பிளைத் தொடங்கிய மைக் பிக்கரிங் மான்செஸ்டர் ஹசியெண்டா கிளப்பின் டிஜே. எம் பீப்பிள் தட்டுகளை வெளியிட்டதும், ‘ரைடு ஆன் டைம்’ பாட்டை பிரிட்டனில் வெளியிட்டதும் டிகன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற ஒரே நிறுவனம். உலகம் சின்னது.

வேடிக்கை என்னவென்றால், ஹாலோவே பெயரை மறைத்துச் சிக்கலில் மாட்டியவர்கள், அதைச் சரிசெய்ய அழைத்த ஸ்மாலின் பெயரையும் போடவில்லை.

பியானோபித்தன்:

இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். அது வெறும் திமிர்.

ஆனால் அந்த இரண்டாவது பதிவைப் பற்றி ஒரு தொழில் விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஸ்மாலின் குரல் ஹாலோவேயைவிடக் கனமானது, அடியிலிருந்து எழும்புவது. ஹாலோவேயின் கூவலில் ஒரு கிழிசல் இருக்கும், உச்சத்தில் குரல் உடைந்து சத்தமாக மாறும் இடம். 1980 டேப்பிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து சாம்ப்ளருக்கு என்று வந்த அழுக்கும் அதோடு சேரும். ஸ்மால் பதிவு சுத்தம். ஸ்வரம், இடம் எல்லாம் கச்சிதம். ஆனால் அந்தக் கிழிசல் இல்லை.

மல்லிகை:

அப்படியானால் கையை மட்டும் வைத்து இரண்டாவது தடவை அதே மாயம் வரவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள் 🙂

பியானோபித்தன்:

வரவில்லை என்று சொல்லவில்லை. குறைந்தது என்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

மல்லிகை:

தெரியாது என்பதுதான் கம்பெனியின் கணக்கும்.

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். 1991. பாஸ்டன் பையன் மார்க்கி மார்க், பிறகு மார்க் வால்பெர்க் என்று சினிமா நடிகரானாரே, அவர்தான். ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாட்டுக்கு எடுத்தது அதே ‘லவ் சென்சேஷன்’. ஆனால் உறையிலேயே லோலியாட்டா ஹாலோவே பெயர். வீடியோவில் அவரே வந்து பாடுகிறார். அமெரிக்காவில் முதலிடம். ‘ஒரு நாற்பது வயதைத் தாண்டிய, மாடல் இல்லாத பாடகியைக் காட்டினால் விற்காது’ என்று இரண்டு வருடம் முன்னால் நினைத்தவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பார்கள். பெயர் போட்டதால் ஒரு தட்டுகூடக் குறையவில்லை.

எனக்கு ‘ரைடு ஆன் டைம்’ மேல் உள்ள கோபமே இதுதான். திருடினார்கள் என்பதுகூட இல்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் எடுத்தார்கள், பிறகு பணம் கொடுத்துத் தீர்த்தார்கள். பெயரைச் சொல்வதற்கு ஒரு பைசா செலவில்லை, அதைக்கூடச் செய்யவில்லை.

ரயில்பெட்டி:

நான் இப்போதுதான் முதல் தடவை கேட்கப் போகிறேன். பாட்டின் பெயரே தப்பாமே? அவர் பாடுவது ‘ரைட் ஆன் டைம்’ என்கிறார்கள்?

ஒலிநாடா:

ஆமாம். இத்தாலியர்களின் காதில் ‘ரைடு’ என்று விழுந்தது, அப்படியே அச்சடித்துவிட்டார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டில் வருடத்தின் முதல் விற்பனை, தலைப்பிலேயே பிழை. ஒருவரும் கவலைப்படவில்லை.

கேட்கும் வரிசை என் சிபாரிசு: முதலில் ‘லவ் சென்சேஷன்’, டாம் மோல்டனின் 12 அங்குல மிக்ஸ், அவசரப்படாமல் முழுசாக. பிறகு ‘ரைடு ஆன் டைம்’. ஆன்லைனில் இரண்டு பதிவுகளும் ஒரே பெயரில் கலந்து கிடக்கும், தலைப்பை நம்பாதீர்கள். உச்சத்தில் குரல் கிழிந்தால் ஹாலோவே. கனமாக, வட்டமாக வந்தால் ஸ்மால். அதற்குப் பிறகு ‘குட் வைப்ரேஷன்ஸ்’.

ரயில்பெட்டி:

நன்றி அண்ணா. மூன்றையும் கேட்டுவிட்டு வருகிறேன்.

செவ்வந்தி_கே:

கேட்கிறதோடு ‘மில்லியன் டாலர் பில்’ பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விட்னி ஹூஸ்டன், 2009. அதுவும் ஹாலோவேயின் 1976 பாட்டு ஒன்றின் மேல் கட்டியதுதான். எழுதியவர்கள் பட்டியலில் பழைய பாட்டின் நார்மன் ஹாரிஸ் பெயர் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து, 2011 மார்ச்சில் ஹாலோவே காலமானார். இதையும் இங்கேயே பேசலாமா, புது இழை தொடங்கவா?

ஒலிநாடா:

புது இழை போடுங்கள். சட்டப்படி அங்கேயும் வர வேண்டும், அந்த எழுத்து உரிமைப் பங்கீடு பற்றி எனக்கு நிறையக் கேள்வி இருக்கிறது.